ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரு வீடு

விமானம் ஓட்டுகிறவளுக்கு என்ன குறை என்று என்னிடம் கேட்காதவர்கள் குன்னூரில் இல்லை. பால் ஊற்றுகிறவர் கேட்பார். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் அக்காமார் கேட்பார்கள். சரி, கேட்கிறார்களே என்று குறையைச் சொல்ல ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே முகம் மாறிவிடும். “பிளேன் ஓட்டறவங்களே இப்படிச் சலிச்சுக்கிட்டா நாங்கெல்லாம் எங்கீங்க போறது?” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். நின்று முழுதாகக் கேட்டவர் என்று இதுவரை ஒருவரும் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் துணை விமானி. கோ-பைலட் என்றால் எல்லோருக்கும் புரியும். என் வேலையில் பாதி, விமானம் ஓட்டுவது. மீதிப் பாதி, ஓட்டக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது. இந்தக் காத்திருப்புக்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். யாராவது ஒரு விமானிக்குக் காய்ச்சல் வந்தால், யாராவது தாமதமாகி அன்றைய வேலை நேரத்தைத் தாண்டிவிட்டால், அந்த இடத்தில் உட்கார ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அந்த ஆள் நான். தொலைபேசி அடித்ததும் சீருடை மாட்டிக்கொண்டு தொண்ணூறு நிமிடத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அடிக்கவே இல்லை என்றால் அந்த நாள் அவ்வளவுதான்.

எங்களுக்குச் சம்பளம் பறக்கும் மணிக்கணக்கில். மாதத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு என்று ஓர் அடித்தொகை இருக்கும். அதற்கு மேல் பறந்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்த பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கணக்கில் வராது. காத்திருந்ததற்குக் கூலி இல்லை, காத்திருக்காவிட்டால் தண்டனை உண்டு. எங்கள் வீட்டுக்கு மோட்டார் சரிசெய்ய வந்த எலெக்ட்ரீசியனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவருக்கு நம்ப முடியவில்லை. “ஏனுங், நாங்க சும்மா வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாலே விசிட்டிங் சார்ஜ் வாங்கறோமுங்க!” என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அவருக்கு நூறு ரூபாய் சேர்த்தே கொடுத்தேன்.

என் கணவர் குன்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மகள் அதே பள்ளியில் யூகேஜி. காலையில் அவரோடு போவாள், மாலையில் அவரோடு வருவாள். நான் நான்கு வருடம் பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு மூன்று பெண்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு கிடந்தேன். அதை வீடு என்று சொல்வது கூச்சமாக இருக்கிறது. கொடியில் நான்கு பேரின் வெள்ளைச் சட்டைகள் காயும். யாருடைய போன் அடித்தாலும் நான்கு பேரும் எழுந்து உட்காருவோம். விடுமுறை நாளில் பஸ் பிடித்து மலையேறினால் வந்து சேர்வதற்கே அரை நாள் ஓடிவிடும்.

‘குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே?’ என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தோம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் வேலையை விட்டுவிட்டு, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் வந்தார். பால் பாக்கெட் எங்கே வாங்குவது என்று அவர் பழகி முடிப்பதற்குள் கம்பெனி என்னை ஹைதராபாத்துக்கு மாற்றியது. ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்த ஊருக்கும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. பிள்ளையை வைத்துக்கொண்டு தெரியாத ஊரில் தனியாக ஆறு மாதம் இருந்தார் மனிதர். பிறகு அதே லாரிக்காரரைக் கூப்பிட்டுத் திரும்பினார். பழைய பள்ளியில் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் புதிய ஆளாக, குறைந்த சம்பளத்தில். அவர் திரும்பிய இரண்டாவது மாதம் என்னைப் பெங்களூருக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வேலையை விட்டுவிடலாமே என்றால், அதற்கும் வழி வைக்கவில்லை. இந்த வகை விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுத்த செலவுக்கு ஒரு பாண்டு. நடுவில் போனால் பணத்தைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். பிரசவத்துக்காக நான் பறக்காமல் இருந்த மாதங்களையும் அந்தப் பாண்டின் வாலில் ஒட்டிவிட்டார்கள். பிள்ளை பெற்றதற்கு அபராதம் போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அப்படி இருக்கும்போதுதான் கோயம்புத்தூரில் புதிதாக ஒரு தளம் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சில விமானங்கள் இரவில் அங்கேயே நிற்கும். விமானிகளும் அங்கேயே இருக்கலாம். விரும்புகிறவர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தொகை குறையும், ஸ்டாண்ட்பை நாட்கள் கூடும், பாண்டு புதிதாகத் தொடங்கும். இத்தனை கசப்புக்கும் நடுவில் ஒரு கற்கண்டு: விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் ஸ்டாண்ட்பையை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கம்பெனியின் படிவத்தில் எங்கள் வீட்டு முகவரியைப் போட்டேன். கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு வட்டம் விழுந்தது. குன்னூர் வட்டத்துக்கு உள்ளே இருந்தது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். பச்சை நிறத்தில் ஒரு டிக்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இந்த விதியை எழுதியவர்கள் விமானிகள். தூரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு இங்கிருந்து அங்கே ஒரு கோடு, அவ்வளவுதான். பஸ் கம்பெனிக்காரன் இப்படி ஒரு விதியை எழுதியிருக்கவே மாட்டான். கல்லாறு, பர்லியாறு, கொண்டை ஊசி வளைவுகள், வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும் லாரி, அதற்குப் பின்னால் இறங்கி நின்று படமெடுக்கும் சுற்றுலாக் கூட்டம், இதெல்லாம் அந்தக் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. எனக்கே மேலிருந்து என் ஊரைப் பார்க்கும்போது இவ்வளவு பக்கமா என்றுதான் தோன்றும்.

நான் ஏமாற்றவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டு, “என் ஊடு மலை மேல இருக்குதுங்க, ரோட்டுல வந்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், பரவாயில்லீங்களா?” என்று கேட்டேன்.

“சிஸ்டம் ஓகே பண்ணிருச்சு மேம்,” என்றாள் எதிர்ப்பக்கத்துப் பெண்.

“தொண்ணூறு நிமிஷம்னு இன்னொரு பக்கத்துல போட்டிருக்குதே?”

“அது நடைமுறைல பாத்துக்கலாம் மேம். எல்லாரும் சைன் பண்ணிட்டாங்க.”

நானும் போட்டேன். அன்று இரவு நானும் கணவரும் மகளை நடுவில் படுக்கவைத்துக்கொண்டு, இனிமேல் யார் காலையில் அவளுக்குத் தலை பின்னுவது என்று சண்டை போட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சண்டை போட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் இரண்டு வாரம் வீட்டிலிருந்தேன். வீடு என்றால் சன்னலோரம். எங்கள் வீட்டில் சிக்னல் சமையலறைச் சன்னலில்தான் ஒழுங்காக இருக்கும். போனை அங்கே வைத்துவிட்டு அதன் பார்வையிலேயே இருப்பேன். தலைக்குக் குளிக்க மாட்டேன். கடைக்குப் போக மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே சன்னலைப் பார்ப்பேன். மகள் பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் முதலில் கேட்பாள், “அம்மா, இன்னைக்குப் போன் அடிச்சுதுங்களா?” அடிக்கவில்லை என்று சொன்னால்தான் பையை இறக்குவாள். இருந்தாலும் வீடு வீடுதானே. சோறு ஊட்டினேன், தலை பின்னினேன், அவள் வரைந்த கோணல்மாணல் விமானத்துக்கு இறக்கை போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, போன் அடித்தது. மதிய விமானம், சென்னை. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டேன், ஐந்தாவது நிமிடத்தில் காரில் இருந்தேன். அது சீசன் நேரம். மேலே வருகிற வண்டிகளெல்லாம் குன்னூர் வழி. கீழே இறங்குகிறவை கோத்தகிரி வழி சுற்றிப் போக வேண்டும். செக்போஸ்டில் சீருடையைக் காட்டி, கெஞ்சி, “அவசர வேலைங்க” என்று சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த காவலர் என் தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்துவிட்டு, “ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க மேடம்,” என்று பணிவாகவே சொன்னார். கோத்தகிரி வழியாகப் போனேன். மேட்டுப்பாளையம் வந்தால் ரயில்வே கேட். விமான நிலையத்துக்குள் நான் ஓடியபோது, தொண்ணூறு நிமிடம் முடிந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பயணிகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், ஒரு குழந்தை அழுது அழுது தூங்கியே போயிருந்தது. கேப்டன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விமானம் மேலெழும்பி, வலப்பக்கம் திரும்பியபோது மட்டும், “அதுதான உங்க ஊரு?” என்றார். கிளம்பி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நீலமலைகள் அப்படியே சன்னலுக்குள் வந்து நின்றன. எனக்கு அழுகை வந்தது. துணை விமானி அழக்கூடாது, அதனால் உயரத்தைப் படித்துச் சொன்னேன்.

மறுநாள் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. இன்னொருமுறை இப்படி நடந்தால் ஒழுங்கு நடவடிக்கை. எச்சரிக்கை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, கேப்டன் ஆவதற்கான வரிசையில் என் பெயர் இருக்கிறது. அதில் ஒரு கோடு விழுந்தால் வருடக்கணக்கில் பின்னால் போய்விடுவேன்.

வேறு வழி தெரியவில்லை. ஸ்டாண்ட்பை நாட்களில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் ஓர் அறை எடுக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து என்றால் எந்த நேரத்திலும் ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றேகால். வீட்டிலிருந்தே ஸ்டாண்ட்பை பார்க்கலாம் என்ற சலுகைக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்தவள், குறைந்த சம்பளத்திலிருந்து லாட்ஜுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, சன்னல் வழியாக என் மலையைப் பார்த்தபடி ‘வீட்டு ஸ்டாண்ட்பை’ பார்த்தேன். இதைவிடப் பெரிய கேலிக்கூத்தை நானே எனக்கு ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ஆரம்பத்தில் ஆறு மணிக்கு முடிந்ததும் மேலே ஏறிவிடுவேன். போய்ச் சேரும்போது மகள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஆறு மணி ஸ்டாண்ட்பைக்கு விடியும் முன்பே இறங்க வேண்டும். பனியில், யானை நடமாடுகிற ரோட்டில், கண் செருகச் செருக இரண்டு முறை இறங்கிய பிறகு கணவர் கும்பிடாத குறையாகச் சொன்னார், “தயவுசெஞ்சு வராத. நாங்க கீழ வர்றோம்.”

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்த கையோடு, தூக்குப் பாத்திரத்தில் குழம்பு, டிபன் டப்பாவில் சோறு என்று பஸ் ஏறி வருவார்கள். லாட்ஜ் கட்டிலில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிடுவோம். மகளுக்கு அந்தச் சமவெளி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, கழுத்தெல்லாம் வேர்க்குரு. லாட்ஜ் மேனேஜர் நல்ல மனிதர். மூன்று பேர் இருந்தாலும் ஒருவருக்கான வாடகைதான் வாங்கினார். ஆனாலும் ஒவ்வொருமுறையும் என் சீருடையைப் பார்த்துவிட்டு, “ஏனுங் மேடம், இவ்ளோ பெரிய வேலைல இருக்கறீங்க, கம்பெனில ஒரு ரூமு தர மாட்டாங்களா?” என்று கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் சிரித்து வைத்தேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாட்களில் போன் அடித்தது மிகக் குறைவு. லாட்ஜ் சுவரில் இருந்த காலண்டரில் பெரும்பாலான நாட்கள் சும்மாவே கிழிபட்டன. சும்மா உட்கார்ந்திருந்தேன். அடிக்காத போனுக்காக என் மகளின் வயதை அடகு வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கணவரிடம் கத்தினேன். லாட்ஜ் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பிறகு மெதுவாகக் கத்தினேன்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். நீங்களே அங்கீகரித்த முகவரி இது. உங்கள் வட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் சாலை வேறு. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் வந்து சேரும் அவகாசத்தை மூன்று மணி நேரமாக்குங்கள், அல்லது எத்தனை நாள் வேண்டுமானாலும் அதிகாலை விமானம் போடுங்கள், ஓட்டுகிறேன், இந்தக் காத்திருப்பைக் குறையுங்கள். இவ்வளவுதான் கேட்டேன்.

பத்து நாள் கழித்துக் கோயம்புத்தூர் தளத்தின் தலைமை விமானி கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர், பறப்பதில் கெட்டிக்காரர், கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்தார். கதவைச் சாத்தினார்.

“எதுக்கும்மா எழுதுனீங்க?” என்றார். “எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“கஷ்டமா இருந்துச்சுங்க சார், எழுதினேன்.”

“ரோட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு நீங்களே எழுத்துல குடுத்துட்டீங்க. இப்ப மேலிடத்துல இருக்கறவங்க அதைப் பார்த்துட்டு என்ன சொல்றாங்க தெரியுங்களா? உங்க முகவரி தகுதியில்லாத முகவரியாம். தகுதியில்லாட்டி இந்தத் தளமும் உங்களுக்கு இல்லை. பெங்களூருக்கே திருப்பி அனுப்பச் சொல்றாங்க.”

“அப்ப பழைய ஒப்பந்தம் திரும்பக் கிடைக்குங்களா?”

அவர் டீயைப் பார்த்தார். “ஒப்பந்தம் புதுசுதான்மா. அது மாறாது.”

குறைந்த சம்பளம், கூடிய ஸ்டாண்ட்பை, புதிய பாண்டு, இத்தனையோடும் பெங்களூர். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “வட்டம் போட்டது நான் இல்லீங்களே சார்?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“நான்தான் போட்டேன்,” என்றார். சங்கடமாகச் சிரித்தார். “வரைபடத்துல ஸ்கேல வெச்சுப் பார்த்தேன். மலையை நினைக்கலை.”

அந்தச் சிரிப்புக்கு என்ன செய்வது? அவர்மேல் கோபப்படக்கூட முழுதாக முடியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி இன்னொரு வழியும் சொன்னார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அவர் அதை அப்படியே அமுக்கிவிடுவார். பச்சை டிக் பச்சையாகவே இருக்கும். எங்கிருந்து நான் காத்திருக்கிறேன் என்று யாரும் கேட்கப்போவதில்லை. “நேரத்துக்கு வந்தா சரி. நீங்க எங்க இருந்து வர்றீங்கன்னு எனக்கு எதுக்கு?” என்றார்.

அந்த அறையிலேயே, என் போனிலேயே, கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி தட்டி அனுப்பினேன். நன்றி என்று வேறு முடிக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து ஐந்து நாள் ஸ்டாண்ட்பை. மேலே போய்வர நேரமில்லை. நேராக மேட்டுப்பாளையம் லாட்ஜுக்கு வந்தேன். மேனேஜர் கேட்காமலே சாவியை எடுத்து வைத்தார். வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார், “தினப்படி குடுத்தா உங்களுக்குக் கட்டுபடி ஆவாதுங்க மேடம். மாசத்துக்குன்னு பேசிக்கலாமுங்க. ஒரு சின்ன அடுப்பு வெச்சுக்கறதுன்னாலும் வெச்சுக்குங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வழக்கம் போலக் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், எவ்வளவோ நாளாக யோசித்து வைத்திருந்தவர் போலச் சொன்னார், “ஒண்ணு பண்ணலாமா? பாப்பாக்கு மேட்டுப்பாளையத்துலயே ஒரு ஸ்கூல் பார்த்தர்லாம். நானும் இங்க வேலைய விட்டுட்டுக் கீழ வந்தர்றேன். வாடகைக்கு ஒரு ஊடு பிடிச்சுக்கலாம். மூணு பேரும் ஒண்ணா இருப்போம்.”

ஒன்றாக இருப்போம் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் அவர் லாரியில் சாமான் ஏற்றி வந்த நாளும், அந்த லாரி திரும்பிப் போன நாளும் கண்முன் நின்றன. நாளைக்கே இந்தத் தளத்தை மூடினால்? ஒப்பந்தத்தில் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, எந்த ஊருக்கும் என்று. இவர் மூன்றாவது முறை புதிய ஆளாக எந்தப் பள்ளி வாசலில் நிற்பார்?

“வேண்டாமுங்க,” என்றேன். “அவளாவது ஊட்டுல இருக்கட்டும்.”

போனை வைத்தேன். நான் உள்ளே போய் மாத வாடகை பேசினேன்.